பழைய வண்டி தந்த பாடம்
பள்ளிப் படிப்பை உதறிய ஜி.டி.நாயுடு, எந்திர மேதை ஆன கதை

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் வழியாகத் திருவள்ளூர் செல்லும் சாலையில் மெக்கானிக் பட்டறைகளுக்குப் பஞ்சம் இல்லை. அவற்றில் சில வேளை ஒரு காட்சியைக் காணலாம். யாரோ விற்றுவிட்ட பழைய மோட்டார் சைக்கிளோ, ஜீப்போ, துணிக்கூரையை மடக்கிவிடும் பழைய காரோ நிற்கும். அதன் அருகே ஒரு வாலிபன். கை முழுவதும் கிரீஸ். பையில் பணம் கொஞ்சம்; மனத்தில் ஆசையோ மலையளவு!

புது வண்டி வாங்க வசதி இல்லை. எல்லா பாகங்களையும் புதிதாகப் போடவும் வழி இல்லை. ஆகவே, இருப்பதைப் பிரிக்கிறான். துடைக்கிறான். தேய்ந்துபோனதை மட்டும் மாற்றுகிறான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும்போது, அவன் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்கு விலை ஏது?

இப்படிப்பட்ட வாலிபர்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதையே பள்ளிக்கூடமாக ஆக்கிக்கொண்டவர் அவர்.

அவர்தான் கோவை ஜி.டி.நாயுடு!

படிப்பு ஏறவில்லை

கோவையை அடுத்த கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி துரைசாமி பிறந்தான். தந்தை கோபால்சாமி நாயுடு, விவசாயி. தாயோ, குழந்தை பிறந்த சிறிது காலத்திலேயே இறந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் என்றாலே துரைசாமிக்கு வேப்பங்காய். வாத்தியாரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிய குறும்புக்காரன் அவன் என்று சொல்வார்கள். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. ஆனால், படிக்கும் ஆசை நிற்கவில்லை. தோட்டத்து வேலைக்கு நடுவே, கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே படித்தான்.

ஒரு நாள் கிராமத்துப் பாதையில் ஓர் அதிசயம் வந்தது. மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி மட்டும் தானாக ஓடியது! அதன் மேல் உட்கார்ந்திருந்தவர் லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அது ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் மோட்டார் சைக்கிள். சைக்கிள் செய்துவந்த அந்தக் கம்பெனி, 1911-ஆம் ஆண்டில்தான் மோட்டார் சைக்கிள் விற்பனையில் இறங்கியது. அப்போது பட்டணத்துக்காரர்களுக்கே அது புதுமை. கிராமத்து இளைஞனுக்கு எப்படி இருந்திருக்கும்?

வழியில் வண்டி நின்றுவிட்டது. துரைசாமி ஓடிப்போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்து கொடுத்தார். துரை எந்திரத்தில் ஏதோ செய்தார். வண்டி மறுபடியும் உயிர் பெற்று ஓடிப் போயிற்று.

வண்டி போய்விட்டது. ஆனால், அதன் நினைவு போகவில்லை.

எச்சில் எடுத்த கை

துரைசாமி கோவைக்குப் புறப்பட்டார். ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். சாப்பாடு பரிமாறினார், மேசை துடைத்தார். விவசாயி வீட்டுப் பிள்ளை எச்சில் எடுப்பதா என்று அவர் வெட்கப்படவில்லை. கிடைத்த கூலியைக் காசு காசாகச் சேர்த்தார்.

கையில் பணம் சேர்ந்ததும் அதே துரையிடம் போனார். 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். அந்தக் காலத்து 300 ரூபாய், ஏழைக்குப் பெரும் செல்வம்.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? ஊரார் வாய்பிளக்க வண்டியில் பவனி வந்திருப்பார்கள். துரைசாமியோ, அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்!

பெட்ரோலும் காற்றும் எங்கே கலக்கின்றன? தீப்பொறி எங்கிருந்து வருகிறது? சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகிற பிஸ்டன், சக்கரத்தைச் சுழலச் செய்வது எப்படி? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒவ்வொரு துண்டாகக் கழற்றினால், அதன் வேலை புரியும். கழற்றிய முறை மறந்தால் திரும்பப் பூட்ட முடியாது. துரைசாமி பிரித்தார், பூட்டினார். வண்டி ஓடியது. தொழில் கைவந்தது.

பழைய வண்டியை வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. புதுப் பாகத்தைத் தேடிக் கடைக்கு ஓடுமுன், பழைய பாகத்தைத் திறந்து பார்க்கவேண்டும். எது கெட்டது, எது நல்லது என்று தெரிந்தவனுக்குப் பாதிச் செலவு மிச்சம். தெரியாதவனுக்கு எவ்வளவு பணம் இருந்தாலும் போதாது.

ஒரு பஸ், பல பஸ்

பிறகு துரைசாமி திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்தினார். முதல் உலகப்போர்க் காலத்தில் லாபம் கொட்டியது. அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். போட்ட பணம் போயிற்று.

எல்லாம் போனாலும், எந்திரத்தைப் பற்றிய அறிவு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரை, ஒரு பஸ் வாங்க அவருக்குக் கடன் கொடுத்து உதவினார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பஸ் ஓடியது. ஓட்டியவர் யார்? முதலாளி நாயுடுவேதான்!

ஒரு பஸ் பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. யு.எம்.எஸ். என்ற பெயர் கொங்கு நாடெங்கும் பரவியது. 1930-களில் அந்தக் கம்பெனியில் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. குறித்த நேரத்துக்கு பஸ் வரும் என்று ஜனங்கள் நம்பினார்கள். நடு வழியில் நிற்கும் பஸ்ஸால் நேரத்தைக் காப்பாற்ற முடியுமா? பட்டறை நன்றாக இருந்தால்தான் பஸ் நன்றாக ஓடும். இந்த ரகசியம், மோட்டார் சைக்கிளைப் பிரித்த கைக்குத் தெரியாதா?

1937-ஆம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, நம் நாட்டிலேயே மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார். பேட்டரியில் ஓடும் சவர எந்திரம், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் எந்திரம் என்று அவர் செய்தவை பல. 70 ரூபாய்க்கு ரேடியோப் பெட்டி கொடுக்கவும் முனைந்தார். எதைச் செய்தாலும் ஏழைக்கு எட்டும் விலையில் செய்யவேண்டும் என்பதே அவர் கணக்கு.

ஓடாத கார்

1952-ஆம் ஆண்டில் அந்தக் கணக்கு ஒரு கார் ஆயிற்று. இரண்டு பேர் உட்காரும் சின்ன பெட்ரோல் கார். விலை 2,000 ரூபாய்!

ஆனால், கார் தொழிற்சாலை வைக்க ஆசை மட்டும் போதாது. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பெரிய தொழில்களுக்குச் சர்க்காரின் லைசென்சு வேண்டும் என்றது. நாயுடுவுக்கு லைசென்சு கிடைக்கவில்லை. கார் சந்தைக்கு வராமலே நின்றுபோயிற்று. மாருதி என்ற சின்னக் காரை நம் நாட்டுக் குடும்பங்கள் கண்டது, 31 ஆண்டுகள் கழித்து, 1983-ஆம் ஆண்டின் கடைசியில்தான்.

வரிச்சுமையும் அவரை வாட்டியது. தம் கையால் செய்த பொருள்களையே பலர் முன்னிலையில் உடைத்து, தம் எதிர்ப்பைக் காட்டினார். பெற்ற பிள்ளையை அடிக்கும் தகப்பனின் வேதனை அல்லவா அது!

பள்ளியை வெறுத்தவர் பள்ளி வைத்தார்

தொழிற்கல்வியிலும் அவருக்கு ஒரு தோல்வி உண்டு. அவருடைய முயற்சியால் 1945-ஆம் ஆண்டில் கோவையில், அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. முதல்வராக அமர்ந்தவரும் நாயுடுவே. வருஷக்கணக்கில் ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை; கையால் வேலை செய்து பழகினால் குறுகிய காலத்திலேயே தொழில் வரும் என்பது அவர் எண்ணம். சர்க்கார் இதற்கு இணங்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். ஆயினும் கல்லூரி அழியவில்லை. அதுவே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி.நாயுடு மறைந்தார்.

அவர் பெயர் மறையவில்லை. 2015-ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தார் கோவையில் பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சிசாலை திறந்தார்கள். குப்பைக்குப் போயிருக்கவேண்டிய வண்டிகள், செப்பனிடப்பட்டு அங்கே அழகாக நிற்கின்றன. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம், ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓட்டல் வேலை தேடி அவர் வந்த அதே கோவையில்!

கார் நின்றது, கற்றது நிற்கவில்லை. பட்டாபிராமில் ஆகட்டும், பொள்ளாச்சியில் ஆகட்டும், ஒரு வாலிபன் பழைய வண்டியின் முன் திருப்புளியோடு உட்காரும்போது, பெற்றோர் அவனைத் திட்டாமல் இருப்பது நல்லது. சட்டையில் கறை படியும். கொஞ்சம் காசும் கரையும். ஆனால், அவன் கற்றுக்கொள்ளும் தொழிலை யாராலும் பறித்துக்கொள்ள முடியாது.