தையல்காரர் நாடாண்ட கதை

அமெரிக்காவின் 17ஆவது அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் தையல் தொழிலாளி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1808இல் பிறந்தார். சின்ன வயசிலேயே தகப்பன் போய்விட்டார். பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. 21 வயசு வரை ஒரு தையல்காரரிடம் கட்டுண்டு உழைக்கணும் என்று ஒப்பந்தம். 1824இல் ஓடிப்போனார். பிடித்துத் தந்தால் 10 டாலர் என்று முதலாளி விளம்பரமே போட்டார்!

டென்னஸி மாநிலத்துக் கிரீன்வில் என்ற சின்ன ஊரில் கடை போட்டார். மனைவி எலைசா எழுத்தும் கணக்கும் சொல்லித் தந்தார். மேயர், நாடாளுமன்ற உறுப்பினர், கவர்னர், செனட்டர் என்று படிப்படியாக ஏறினார். 1865இல் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டதும், துணையதிபராக இருந்தவர் அதிபரானார்.

பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய்க் கிடந்தவர்களுக்கு விடிந்ததா? இல்லையே! விடுதலையான குடும்பங்களுக்குக் கிடைத்திருந்த நிலத்தைப் பழைய முதலாளிகளிடமே திருப்பிக் கொடுக்க வைத்தார். 1866இல் சம உரிமைச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். நாடாளுமன்றம் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது. 1868இல் விசாரணைக் கூண்டில் நிறுத்தப்பட்டு, ஒரே ஓட்டில் பதவி தப்பினார். 1875இல் மறைந்தார்.

தொழிலாளி மேலே போனால் நமக்குப் பெருமைதான். ஆனால், போனவர் கீழே இருப்பவனுக்கு என்ன செய்தார் என்றும் நாம் கேட்கணும், தோழர்களே!