நோட்டர் டேம் கண்ட நல்ல கணவர்

லித்துவேனியாவிலிருந்து சிகாகோவில் குடியேறிய ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகன் எட்வர்ட். பிறந்தது 1913. குடும்பப் பெயர் வாயில் நுழையாத பள்ளிப் பயிற்சியாளர் அதைக் 'கிரௌஸ்' என்று மாற்றி, வாட்டசாட்டமான உருவத்தைக் கண்டு 'மூஸ்' என்ற காட்டுமான் பெயரையும் சூட்டினார்.

திருச்சிலுவைச் சபையாரின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கூடைப்பந்தில் மும்முறை அகில அமெரிக்க வீரராகத் தேர்வு பெற்றார். கூடையருகே மூன்று விநாடிக்குமேல் நிற்கலாகாது என்ற விதி பிறக்க இவரும் ஒரு காரணம் என்பர்! வேறு இரு கத்தோலிக்கக் கல்லூரிகளில் பயிற்சியளித்தபின் 1942-இல் தாய்க்கல்லூரி திரும்பினார். மறு ஆண்டு தலைமைப் பயிற்சியாளர் கியோகன் திடீரென இறக்க, பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. நடுவே போர்ச்சேவை. 1951 வரை இவரது அணிகள் பெற்ற வெற்றி 98, தோல்வி 48. விளையாட்டுத்துறை இயக்குநராக 1949 முதல் 1981 வரை, 32 ஆண்டுகள்.

ஆயினும் நம் உள்ளத்தைத் தொடுவது இந்தக் கணக்கன்று. 1967-இல் கார் விபத்தொன்றில் இவர் மனைவிக்கு மூளையில் பலத்த காயம். பழைய அம்மையார் திரும்பவேயில்லை. கிரௌஸ் மதுவின் பிடியில் சிக்கித் தவித்தவர். அதனின்று மீண்டு, அதில் வீழ்ந்த பிறருக்கும் கைகொடுத்தார். மனைவியை வீட்டில் வைத்துப் பேணினார். பின்னர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தபோதும் நாள்தோறும் சென்று உணவூட்டி வந்தார். திருமண வாக்குறுதியில் நாம் சொல்லும் 'நோயிலும்' என்ற சொல்லுக்கு இருபத்து மூன்று ஆண்டுகள்! மூத்த மகன் திருச்சிலுவைச் சபைக் குருவானார்.

அம்மையார் 1990-இல் இறந்தார். கிரௌஸ் 1992 டிசம்பரில். பல்கலைக்கழக வளாகத்தில் பெஞ்சில் அமர்ந்த கோலத்தில் இவருக்குச் சிலை உண்டு. அருகே ஒருவர் உட்கார இடமும் விட்டிருக்கிறார்கள்.