விலைக்குக் கிடையாத யாழ்

ஏறாவூர்வாசியான நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். இசையைக் கேட்டு மகிழ்ந்ததுண்டேயன்றி, அதனை முறையாகப் பயின்றதில்லை. ஊழியத்தினின்று நீங்கிய பின்னர், கருவி ஒன்றையேனும் கற்றுக்கொள்ளவேண்டும் என்னும் ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. அந்நாளில், மட்டக்களப்பு நகரில் ஒரு வீட்டிலே பழைய மின் ஓர்கன் ஒன்று விலைக்கு இருப்பதாக நண்பர் ஒருவர் கூறினார். அமெரிக்காவிலே செய்யப்பட்டு, எவர் கையாலோ இங்கு வந்து சேர்ந்தது அது. அரங்கிலே ஒருவரே அமர்ந்து ஒரு வாத்தியக் குழுவின் வேலையைச் செய்வதற்கு ஏற்ற கருவி. இரண்டு அடுக்குக் கட்டைகளைக் கையாலும், ஒரு வரிசைக் கட்டைகளைக் காலாலும் இயக்கவேண்டும்.

போய்ப் பார்த்தேன். மின்மாற்றி ஒன்றின் துணையோடு அதனை முடுக்கிக் காட்டினார்கள். ஒலி இனிமையாகவே இருந்தது. ஆனால், அவ்வீட்டிலிருந்த ஆர்மோனியத்தோடு ஒத்திட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு சுரமும் தாழ்ந்து ஒலித்தது. சட்சத்துக்குரிய கட்டையை அழுத்தினால், அதற்குக் கீழேயுள்ள தைவதம் கேட்டது. கருவி பழுதுபட்டது என்று எண்ணி வெறுங்கையோடு ஊர் திரும்பினேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எண்ணிப் பார்க்கப் பார்க்க உண்மை புலப்பட்டது. இவ்வகை ஓர்கனை ஆக்கியவர் லோரன்ஸ் ஹாமண்ட் என்னும் அமெரிக்கர். 1934-இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்று, 1935-இல் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மின்சார மணிக்கூடு செய்து பழகியவர் அவர். மணிக்கூட்டை ஓட்டும் மின்னோடியைப் போன்ற ஒன்றைக்கொண்டே மேடும் பள்ளமுமான விளிம்புடைய சிறு சக்கரங்களைக் காந்தங்களின் முன்னே சுழலவிட்டார். சக்கரத்தின் வேகமே சுரத்தை நிருணயிக்கும். மின்னோட்டத்தின் அதிர்வெண்ணே அந்த வேகத்தை நிருணயிக்கும். அமெரிக்க மின்சாரம் செக்கனுக்கு 60 சுற்று உடையது. நம் நாட்டு மின்சாரம் 50 சுற்று உடையது. ஆகவே அங்கே 440 அதிர்வுடன் ஒலிக்கவேண்டிய சுரம் இங்கே ஏறத்தாழ 367 அதிர்வுடன் ஒலிக்கின்றது. ஆறில் ஐந்து என்னும் இவ்விகிதமே சட்சத்தைக் கீழ்த் தைவதமாக்கிற்று. பழுது கருவியில் இல்லை. அதற்கும் நம் ஊர் மின்சாரத்துக்கும் உள்ள கணக்கிலே இருந்தது.

சுரத்தை எண்ணாகக் கண்டு தெளியும் இப்பழக்கத்தை எனக்குத் தந்தது ஓர் ஓர்கன் நூலன்று. மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் விபுலானந்த அடிகளார் இயற்றிய யாழ்நூலே அதனைத் தந்தது. நான் விலைக்கு வாங்க நினைத்த கருவி, பழையதாயினும் கண்ணெதிரே நின்றது. அடிகளார் விரும்பிய கருவியோ விற்பாரின்றி, வாசிப்பாரின்றி, பார்த்தாருமின்றிப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மறைந்துபோயிருந்தது.

அடிகளார் 1892 மார்ச் 27-இல், மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள காரைதீவிலே, சாமித்தம்பி, கண்ணம்மை என்போருக்கு மகனாகத் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். அதே 1892-ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரைகளோடு அச்சேற்றி வெளியிட்டார். யாழின் இலக்கணத்தைத் தன்னகத்தே பொதிந்து வைத்திருந்த நூலும், அதனைப் பிரித்தெடுக்கப் பிறந்தவரும் ஒரே ஆண்டில் உலகுக்கு வந்தமை நினைந்து மகிழத்தக்கது.

மயில்வாகனனார் கல்முனையிலும், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். தமிழும் விஞ்ஞானமும் அவருள்ளத்தில் இரு கண்களாய் வளர்ந்தன. 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலே தேறினார். அதே ஆண்டில் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானத் தகுதிப் பத்திரமும் பெற்றார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பண்டிதர் பலருக்கு அதிர்வெண் தெரியாது. விஞ்ஞானிகள் பலருக்கு அரும்பதவுரை தெரியாது. இரண்டையும் அறிந்த ஒருவரையே யாழ் காத்திருந்தது.

பதவியும் பெருமையும் வந்துசேர்ந்த வேளையில் அவற்றைத் துறந்து, 1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924-இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். மறு ஆண்டில் தாயகம் மீண்டு பள்ளிப் பணியில் ஈடுபட்டார். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பி, ஏழைப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வியின் வாயிலைத் திறந்தார்.

துறவிக்கு இசைக்கருவி எதற்கு என்று சிலர் வினவலாம். அடிகளாரை யாழின்பாற் செலுத்தியது நாடகமே என்பது என் கருத்து. 1926-இல் வெளிவந்த அவருடைய மதங்கசூளாமணி என்னும் நூல், சேக்சுபியரின் நாடகங்களையும், வடமொழித் தசரூபகத்தையும், சிலப்பதிகார உரையிற் கிடக்கும் நாடகச் செய்திகளையும் ஒருங்கு வைத்து ஆராய்வது. நாடக மரபைத் தேடிச் சென்றவர் அரங்கேற்று காதையின் வாயிலில் வந்து நின்றார். மாதவி அரங்கேறிய மேடையிலே ஆடலாசிரியனும், இசையாசிரியனும், கவிஞனும், தண்ணுமையோனும், குழலோனும், யாழாசிரியனும் இருந்தனர். ஆடலும் பாடலும் தண்ணுமையும் குழலும் ஏதோ ஓர் உருவில் நம்மிடம் எஞ்சியுள்ளன. யாழ் மட்டும் இல்லை. அரங்கிலே வெற்றிடமாய்க் கிடந்த அந்த இருக்கை அடிகளாரை உறுத்தியது போலும்.

1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். யாழ் ஆராய்ச்சி அவரை முழுமையாக ஆட்கொண்டது அக்காலத்தை ஒட்டியே. ஏறத்தாழ 14 ஆண்டுகள் அது தொடர்ந்தது. இடையிலே ஏனைய பணிகள் குறையவில்லை. தமிழில் விஞ்ஞானக் கலைச்சொல் ஆக்கும் பெருமுயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1939 முதல் 1941 வரை இமயத்து மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில ஏட்டின் ஆசிரியராய் விளங்கினார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். எங்குச் சென்றாலும் யாழ்க்கணக்கு அவரோடு சென்றது.

அக்கணக்கின் தன்மையை மாணவர்களுக்காகச் சிறிது விளக்குகின்றேன். வீணையிலே ஒரு தந்தியை விரலால் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகின்றோம். யாழிலே அவ்வாறன்று, ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உண்டு. நரம்பின் நீளம் பாதியானால் சுரம் ஒரு தானம் உயரும். மூன்றில் இரண்டானால், பழந்தமிழர் இளி என்றும் இக்காலத்தார் பஞ்சமம் என்றும் கூறும் சுரம் பிறக்கும். நான்கில் மூன்றானால் உழை, அதாவது மத்திமம் பிறக்கும். ஒரு தானத்தை 22 அலகுகளாகக் கொண்டு, குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 எனப் பழந்தமிழர் பகுத்தனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலே 24 சுருதிகளை நிறுவ முயன்றார். அடிகளாரோ 22 அலகு என்னும் பகுப்பை ஏற்று, ஒவ்வொன்றுக்கும் உரிய விகிதத்தைக் கணித்தார். விகிதம் தெரிந்தால் நரம்பின் நீளம் தெரியும். நரம்புகளின் நீளம் தெரிந்தால் அவற்றைத் தாங்கும் கோட்டின் வளைவும் தெரியவரும். இவ்வாறு உரையாசிரியரின் சொல்லிலிருந்து எண்ணையும், எண்ணிலிருந்து உருவத்தையும் பெற்றார். 21 நரம்புடைய பேரியாழும், 14 நரம்புடைய சகோடயாழும், 7 நரம்புடைய செங்கோட்டியாழும் மீண்டும் வடிவம் கொண்டன.

நூலை ஏழு இயல்களாக வகுத்தார். பாயிரவியலிலே நம் மட்டக்களப்பு வாவியைப் பாடிய பாட்டொன்றும் உண்டு. நிலவு காயும் இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியில் இருப்போர், துடுப்பை நீரில் ஊன்றி மறுநுனியைக் காதில் வைத்தால் மெல்லிய இன்னொலி கேட்கும் என்பது நம் நாட்டார் நெடுங்கால அனுபவம். மீன் பாடுகின்றது என்பர். அடிகளார் அதனை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்தார். எண்ணுக்கு அடங்கிய இசையை ஆராயப் புகுந்தவர், எண்ணுக்கு அடங்காத அவ்வொலியை வணங்கித் தொடங்கியது அவருடைய பணிவைக் காட்டுகின்றது.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் யாழ்நூலைப் பதிப்பித்தது. 1947 யூன் 5, 6 ஆகிய நாட்களில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அது அரங்கேறியது. திருஞானசம்பந்தர் ஆற்று வெள்ளத்திலே ஓடக்காரனின்றிப் பதிகத்தால் ஓடம் செலுத்தினார் என்று போற்றப்படும் தலம் அது. அவரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணரும் ஊர்தோறும் சென்று யாழிசைத்தவர். வழிகாட்ட ஆசிரியரின்றி ஓடம் செலுத்திய அடிகளாரின் நூலுக்கு அதனினும் தகுந்த இடம் இல்லை. அவர் வகுத்த அளவின்படி செய்த யாழ்கள் அவையோர் முன்னிலையிலே இசைக்கப்பட்டன. உடல் மிகத் தளர்ந்திருந்த அடிகளார் அவ்விசையைத் தம் செவியாலே கேட்டார். ஆறு வாரங்கள் கடந்த சில நாட்களில், 1947 யூலை 19-இல், கொழும்பிலே இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு 55 வயது. கல்லடியிலே, அவர் எழுப்பிய வித்தியாலய வளவில் அவருடைய சமாதி அமைந்தது.

யாழ் மீண்டதா என்று கேட்டால், மெய்யையே சொல்லவேண்டும். அது கச்சேரி மேடைக்கு மீளவில்லை. கமகம் நிறைந்த இன்றைய இசைக்கு வீணையே இசைவானது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்னும் யாழ் அதற்கு எளிதிற் பொருந்தாது. ஆயினும் பர்மியர் தம் வில்வடிவ யாழான சௌங்கைக் கைவிடாது இன்றும் வாசிக்கின்றனர். தமிழ்நாட்டிலும் யாழ் செய்து வாசிக்கும் இளைஞர் இந்நூற்றாண்டிலே தோன்றியுள்ளனர். நம் கல்லடியிலே, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அடிகளார் பெயரையே தாங்கி இசையும் நடனமும் கற்பிக்கின்றது. அடிகளார் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் மரத்தாலும் நரம்பாலும் ஆகிய ஒரு பொருள் மட்டுமன்று. மறைந்த பொருளை அறிவினால் மீட்கலாம் என்னும் துணிவே அது.

மறுநாட் காலையிலே மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். முதலிற் கல்லடிக்குச் சென்று அச்சமாதியின் முன்னே சிறிது நேரம் நின்றேன். பின்னர் நகருக்குத் திரும்பி, அவ்வீட்டாரிடம், கருவியிற் பழுதில்லை, அது தாழ்ந்து ஒலிப்பதன் காரணம் இன்னது என்று எடுத்துரைத்தேன். பழுதென்று சொல்லி விலையைக் குறைக்க மனம் இடந்தரவில்லை. அவர்கள் கேட்ட காசைக் கொடுத்தேன். உழவு இயந்திரப் பெட்டியிலே பாய் விரித்து, நால்வர் தூக்கி ஏற்றி, ஏறாவூருக்குக் கொண்டுவந்தோம்.

தனித்து வாசிப்போனுக்குச் சட்சம் எதுவாயினும் ஒன்றே. ஆகையால் தாழ்ந்த சுருதியிலேயே சரளி வரிசையைத் தொடங்கியிருக்கின்றேன். விரல் இன்னும் தடுமாறுகின்றது. கால் எங்கோ மிதிக்கின்றது. ஓர்கன் என் வீட்டுக்கு வந்துவிட்டது. என் கைக்கு இன்னும் வரவில்லை. அடிகளாரோ கருவி கையில் இல்லாமலே 14 ஆண்டுகள் மாணவராய் இருந்தார். கருவியை எதிரில் வைத்துக்கொண்டு பொறுமையிழக்க எனக்கு உரிமையில்லை.