சுதந்திரம் பேசியவர் மூடிய கள்ளுக்கடை



குடியைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டுமா, அவனவன் பொறுப்புக்கு விட்டுவிட வேண்டுமா? 2023 மே மாதம், நமக்கு அடுத்த மதுராந்தகம் பக்கத்திலும் மரக்காணத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இக்கேள்வி எழுந்திருக்கும். இதற்கு ஆயுள் முழுதும் ஒரே பதில் வைத்திருந்தவர் ராஜாஜி. அவருடைய சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள்.

1878 டிசம்பர் 10-ந் தேதி ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜகோபாலாச்சாரியார், சேலத்தில் பேர்போன வக்கீல். கை நிறையச் சம்பாதித்த அத்தொழிலை விட்டுவிட்டுக் காந்தியடிகளைப் பின்பற்றினார். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்து ஏழைகளோடு வாழ்ந்தார். கூலிக் காசு வீடு வந்து சேராமல் கள்ளுக்கடையில் கரைவதை அங்கே கண்ணாரக் கண்டார். 1929-ல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கல்கி அவருக்குத் துணையாயிருந்தார்.

1937-ல் சென்னை இராஜதானியின் பிரதம மந்திரியானார். அவ்வருஷம் அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் கடைகள் மூடப்பட்டன. கலால் வரியோ சர்க்காருக்குப் பெரிய வருமானம். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். வியாபாரிகள் அவரை வைதார்கள். மரமேறிகளுக்குப் பதநீர், வெல்லம் என்று வழி காட்டினாலும், பலருடைய பிழைப்பு கெட்டது உண்மையே. அதை மறைப்பானேன்? 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இதே ராஜாஜிதான் 1952-ல் அரிசி ரேஷனை எடுத்தவர். 1959-ல் சுதந்திராக் கட்சி கண்டு, சர்க்கார் மனிதனுடைய காரியங்களில் தலையிடக் கூடாதென்று நாடெங்கும் வாதாடியவர். அப்படிப்பட்டவர் மதுவை மட்டும் அவனவன் இஷ்டத்துக்கு விடச் சம்மதிக்கவில்லையே, ஏன்? அரிசி வாங்குகிறவன் யோசித்து வாங்குகிறான். குடியோ யோசிக்கிற புத்தியையே முதலில் கொண்டுபோகிறது. பட்டினி கிடப்பது குடித்தவன் பிள்ளைகள். அவர் எல்லாக் காரியத்திலும் சரியாக நடந்தாரென்று நான் சொல்லவில்லை. 1953-ல் அவர் கொணர்ந்த பள்ளித் திட்டம் ஜனங்களுக்குப் பிடிக்காமல் கைவிடப்பட்டது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் பேச்சில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சட்டம் போட்டால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார்கள். பெருகிற்று, மெய்தான். 2023-லோ சர்க்கார் கடைகள் திறந்தே இருந்தன. அப்போதும் அந்த விஷம் ஓடியதே!

1971-ல் நிதி நெருக்கடியைக் காட்டி மதுவிலக்கை நீக்க முதலமைச்சர் கருணாநிதி தீர்மானித்தார். ராஜாஜிக்கு அப்போது வயது 92. ஜூலை மாதத்தில் ஒருநாள், கொட்டும் மழையில் அவரே முதலமைச்சரின் கோபாலபுரம் வீட்டுக்குப் போய், வேண்டாமென்று மன்றாடினார். பலிக்கவில்லை. ஆகஸ்டு 30-ல் மதுவிலக்கு நீங்கிற்று.

1972 டிசம்பர் 25, கிறிஸ்து பிறந்த திருநாளன்று ராஜாஜி காலமானார். 1974-ல் அதே முதலமைச்சர் மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்தார். 1981-ல் அது மறுபடியும் போயிற்று.