21 வயதில் ஒரு தமிழர் நம்பிய குரல்: பி. ரம்லியின் ஏற்றமும் கோலாலம்பூர் நாட்களும்

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்கு அருகில் ஜாலான் பி. ரம்லி என்ற சாலை இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஜாலான் பாரி. இன்று அந்த வழியே போகும் பேருந்திலும் டாக்சியிலும் இருப்பவர்களில் அந்தப் பெயரை அறியாதவர் இருக்க மாட்டார்கள். பெயருக்கு உரியவர் தம் கடைசி ஒன்பது ஆண்டுகளை இதே தலைநகர் வட்டாரத்தில்தான் கழித்தார். அப்போது அவர் பெயரில் சாலை இல்லை. அவர் படத்துக்குக் கூட்டமும் குறைந்து போயிருந்தது.

நாடறிந்த இந்த மலாய்க் கலைஞரின் வாழ்க்கையில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தோட்டத்திலும் பட்டணத்திலும் தொலைக்காட்சியில் அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த பலருக்கு அந்தக் கதை தெரியாது.

பினாங்குப் பையன்

1929 மார்ச் 22 அன்று பினாங்கில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தெயுக்கு ஜக்கரியா. தந்தை தெயுக்கு ஞாக் பூத்தே, சுமத்ராவின் அச்சே பகுதியிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாயார் சே மா, பட்டர்வொர்த் பக்கத்துப் பெண். பின்னாளில் பாடகராக மேடை ஏறியபோது அவர் ரம்லி என்ற பெயரை வைத்துக் கொண்டார். தந்தை பெயரான பூத்தேயின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக் கொண்டார். நம்மவர்கள் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் கொள்வதைப் போலத்தான் இதுவும்.

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பினாங்கு பிரீ ஸ்கூல் என்று படித்துக் கொண்டிருந்தபோது ஜப்பானியர் வந்து விட்டார்கள். படிப்பு தடைப்பட்டது, இசை தடைப்படவில்லை. கமாருடின் என்ற ஆசிரியரிடம் முறையாக இசை கற்றார். முதலில் கையில் எடுத்தது உக்குலேலே. பிறகு கிட்டார், வயலின், பியானோ என்று ஒவ்வொன்றாகப் பழகினார்.

போர் முடிந்ததும் பினாங்கில் கெரொஞ்சோங் குழுக்கள் மறுபடியும் தலையெடுத்தன. கல்யாண வீட்டிலும் பொருட்காட்சித் திடலிலும் வாசிக்கும் இளைஞர் குழுக்கள் அவை. ரம்லி அவற்றில் பாடினார், வாசித்தார், சொந்தமாக மெட்டும் கட்டினார். மலாயா வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் விடாமல் கலந்து கொண்டு, 1947-இல் வட மலாயாவின் சிறந்த பாடகராக முதலிடம் பெற்றார்.

சிங்கப்பூரில் கிடைத்த வாய்ப்பு

1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு பொருட்காட்சியில் ரம்லி பாடியதை பி. எஸ். ராஜ்ஹான்ஸ் கேட்டார். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய்ப் பட நிறுவனத்துக்கு இந்தியாவிலிருந்து வந்திருந்த இயக்குநர் அவர். ரம்லி அந்த ஆண்டே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் உடனே கதாநாயகன் ஆகிவிடவில்லை. முதல் படமான சிந்தாவில் அவருக்கு வில்லன் வேடம். அதே படத்தில் கதாநாயகனுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவரும் அவர்தான். திரையில் வாயசைத்தவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். குரல் இனிமைதான், முகம் கதாநாயகனுக்கு ஏற்றதல்ல என்பதே அன்றைய ஸ்டூடியோ கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர். 1950-இல் பக்தி என்ற மலாய்ப் படத்தை இயக்க வந்தபோது அவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. ரம்லியையே கதாநாயகனாகப் போட்டு, அவர் பாட்டை அவரே பாடவும் வைத்தார். முகமும் குரலும் ஒரே ஆளுடையதாகத் திரையில் வந்தன. ரம்லிக்கு அப்போது வயது 21.

அடுத்த ஆண்டு இன்னொரு தமிழரான எஸ். ராமநாதன் ஜுவித்தா படத்தில் ரம்லியை இயக்கினார். இவர்கள் படப்பிடிப்பு நடத்தும்போது ரம்லி ஓரமாக உட்கார்ந்து ஓய்வெடுக்கவில்லை. கேமரா எங்கே வைக்கிறார்கள், பாட்டு எந்த இடத்தில் வருகிறது, காட்சியை எப்படி வெட்டி ஒட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றார். 1955-இல் ரிக்‌ஷா இழுப்பவன் ஒருவனின் கதையான பெனாரேக் பேச்சா மூலம் தாமே இயக்குநரானார். பினாங்கு நாட்களிலேயே மனத்தில் இருந்த அசீசா பாட்டு அந்தப் படத்தில்தான் நாடெங்கும் பரவியது.

பாட்டுக்காரன் கதை

கெரொஞ்சோங், ஜோகெட், இந்திப் பட மெட்டு, லத்தீன் நாட்டுத் தாளம் என்று துறைமுகப் பட்டணத்துக் காதில் விழுந்த எல்லாம் ரம்லியின் இசையில் உண்டு. ஆனால் கேட்பவருக்கு அது மலாய்ப் பாட்டாகவே கேட்கும். அவர் மெட்டமைக்க, ஜமில் சூலோங், எஸ். சுடார்மாஜி போன்றவர்கள் வரிகள் எழுதினார்கள். இசையமைத்த பாடல்கள் இருநூறுக்கும் மேல். இயக்கிய படங்கள் 34.

விருதுகளும் வந்தன. 1956-இல் ஹங் துவா படத்தின் இசைக்காக ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு. மறு ஆண்டு தோக்கியோவில், அனாக்கு சசாலி படத்தில் தகப்பனாகவும் மகனாகவும் நடித்ததற்குச் சிறந்த நடிகர் விருது. 1962-இல் ஏ.எம்.என். விருது.

இசைக் கலைஞனுக்குச் சமூகம் கொடுக்கும் இடம் என்ன என்ற கேள்வி அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும். 1960-இல் வந்த அந்தாரா டுவா டார்ஜாட் படத்தில் அவர் ஏழைப் பியானோக் கலைஞர், காதலி அரச குடும்பத்துப் பெண். கெத்தாரான் ஜீவா பாட்டு அந்தப் படத்தில்தான். 1962-இல் வந்த இபு மெர்த்துவாக்குவில் சாக்சஃபோன் வாசிப்பவனைப் பணக்கார மாமியார் மனிதனாகவே மதிக்க மாட்டார். பாட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் வீடுகள் எல்லா இனத்திலும் இருந்ததால், அந்தப் படம் எல்லாரையும் தொட்டது.

உலு கிள்ளான் ஆண்டுகள்

1964-இல் ரம்லி, பாடகியான மனைவி சலோமாவுடன் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை. மலேசியாவின் தலைநகரில் மலாய்ப் படத் தொழிலை வளர்க்கலாம் என்ற நம்பிக்கை.

நம்பியது நடக்கவில்லை. ஜாலான் அம்பாஸில் இருந்த கருவிகளும் பழகிய கைகளும் இங்கே இல்லை. தொலைக்காட்சி 1963 இறுதியில் வீட்டுக்குள் வந்து விட்டது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலால் அங்கிருந்த சந்தை அடைபட்டது. ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து இறங்கியபோது, மெர்டேக்காவில் இன்னமும் கறுப்பு வெள்ளைதான் எடுத்துக் கொண்டிருந்தார்கள்.

பாட்டு உலகமும் மாறியது. பீட்டில்ஸ் அலையில் மலாய் இளைஞர்கள் மின்சாரக் கிட்டார் எடுத்து பாப் யே யே பாடத் தொடங்கினார்கள். கிட்டாரைப் பிடித்துத்தான் ரம்லியும் இளமையில் மேலே வந்தார். அதே கிட்டார் இப்போது அவரைப் பழைய ஆளாக்கியது.

அவர் கை கட்டி உட்காரவில்லை. மெர்டேக்காவில் 18 படங்களை இயக்கினார். 1971-இல் கோலாலம்பூரில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாட்டில், நாட்டின் பாரம்பரிய இசையை எப்படி உயர்த்துவது என்று கட்டுரை படித்தார். 1972-இல் வந்த லக்சமானா டோ ரே மி அவருடைய கடைசிப் படம். அதற்குப் பின் அவரை வைத்துப் பணம் போட யாரும் முன்வரவில்லை.

1973 மே 29 விடியற்காலையில் செத்தாப்பாக் வீட்டில் மாரடைப்பு வந்தது. கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் காப்பாற்ற முடியவில்லை. வயது 44. பெரிய சொத்து எதுவும் விட்டுச் செல்லவில்லை. கோலாலம்பூரில் கண்ணீர் என்று பொருள்படும் ஒரு பாட்டை அவர் பதிவு செய்யாமலே வைத்திருந்தார். அதைப் பின்னர் சலோமா பாடினார். ரம்லி ஜாலான் அம்பாங் முஸ்லிம் இடுகாட்டில் அடக்கமானார். பத்து ஆண்டு கழித்து, 1983-இல் சலோமாவும் மறைந்தார்.

பிறகு வந்த மரியாதை

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. தலைநகரில் சாலைக்குப் பெயர் சூட்டினார்கள். செத்தாப்பாக் ஜாலான் டெடாப்பில் அவர் வாழ்ந்த வீடு 1986-இல் நினைவகமானது. 1990-இல் டான் ஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள், வாங்கிக் கொள்ள ஆள் இல்லை. அவர் பணமில்லாமல் படம் எடுத்த மெர்டேக்கா ஸ்டூடியோ வளாகத்தில், நாட்டின் படத் தொழிலை வளர்க்க வேண்டிய பினாஸ் நிறுவனம் இடம் பிடித்தது.

சிங்கப்பூரில் 1950-இல் ரம்லிக்குக் கிடைத்தது பட்டமோ பொன்னாடையோ அல்ல. முகத்தைப் பார்த்து ஒதுக்காமல், குரலைக் கேட்டு ஒரு படத்தை அவரை நம்பிக் கொடுத்தார் ஓர் இளம் தமிழர். 21 வயதில் கிடைத்த அந்த ஒரு நம்பிக்கையில்தான் இருபது ஆண்டுப் பாட்டும் படமும் வந்தன. நாற்பது வயதைத் தாண்டிய பின் கோலாலம்பூரில் அப்படி ஒருவர் அவருக்குக் கிடைத்திருந்தால், இன்னும் எத்தனை பாட்டு வந்திருக்குமோ.

கோயில் திருவிழா மேடையிலும் மண்டபத்துக் கல்யாணத்திலும் சொந்தப் பாட்டோடு நிற்கும் பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்றும் இருக்கிறார்கள். செத்தாப்பாக் நினைவகத்துக்கு அவர்களை அழைத்துப் போவது நல்லது. அவர்கள் பாடும்போது உட்கார்ந்து கேட்பது அதைவிட நல்லது.