சீமைக்குப் போன திண்ணை மணல்

திண்ணையில் மணல் பரப்பியிருக்கும். சுற்றிலும் சிறுவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து விரலால் எழுதுவார்கள். தப்பா? உள்ளங்கையால் ஒரு தடவு, மறுபடியும் எழுதலாம். கடலூர், சிதம்பரம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளில், ஓலையைத் தொடுமுன் பிள்ளைகள் இப்படித்தான் படித்தார்கள். அவர்களுக்கு அது பாதி விளையாட்டு.

அந்த விளையாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டு போனவர் ஒரு பாதிரியார். அவர் பெயர் ஆண்ட்ரூ பெல்.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 1753ல் பிறந்தார். தந்தை முடி திருத்தும் தொழிலாளி. 1787ல் பெல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அநாதைப் பிள்ளைகள்

ஐதர் அலியுடன் நடந்த போர் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் போரில்தான் கம்பெனிப் படை 1781ல் சிதம்பரம் கோவிலைத் தாக்கித் தோற்றது. 1783ல் கடலூரை முற்றுகையிட்டது. வெள்ளைச் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக 1789ல் சென்னை எழும்பூரில் ஒரு விடுதி தொடங்கினார்கள். அதன் பொறுப்பை பெல் ஏற்றார். சம்பளம் வேண்டாம் என்றார். (வேறு பதவிகளில் அவருக்கு வந்த சம்பளமே போதுமானதாக இருந்தது!)

பிள்ளைகளுக்கு எழுத்தே ஏறவில்லை. பெல் தவித்தார்.

ஒரு நாள் காலை. குதிரையில் உலாவப் போனவர், வழியில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிக் கொண்டிருந்தார்கள். அவருக்குப் பளிச்சென்று யோசனை தோன்றியது. நேரே விடுதிக்குத் திரும்பி, மணலில் எழுதக் கற்றுக் கொடுக்கும்படி ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியர் இணங்கவில்லை. பல முறை சொல்லியும் பயன் இல்லை.

எட்டு வயது வாத்தியார்

பெல் சளைக்கவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற மாணவனைக் கூப்பிட்டார். சாதாரணச் சிப்பாயின் மகன், வயது எட்டு. அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார்.

பெரியவரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று! பிள்ளைகள் மணலில் எழுதி, எழுத்தைப் பிடித்துக் கொண்டார்கள். மற்ற வகுப்புகளுக்கும் மாணவர்களையே வாத்தியாராக்கினார் பெல். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

1796ல் பெல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு லண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முதலில் வரவேற்பு குறைவுதான். பிறகு சூடு பிடித்தது. அந்த முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் அதைக் கைக்கொண்டன.

1832ல் பெல் இறந்தார். மன்னர்கள் பலரைப் புதைத்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச் சென்ற பணத்தில் சொந்த ஊரில் எழுந்த பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. அதன் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’.