ரிச்சர்டு பாக்ஸ்டர்

இறைவனை நாடுவோர் உலகப் பொருள்கள்மேற் செல்லும் விருப்பத்தை அடியோடு களைதல் வேண்டுமோ, அன்றி முறைப்படுத்தல் அமையுமோ என்பது பழமையானதொரு வினா. இதற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிச் சென்ற பியூரிட்டன் பெரியார் ஒருவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ரிச்சர்டு பாக்ஸ்டர் 1615-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து ஷிராப்ஷயரிற் பிறந்தார். இளமையில் ஆப்பிள், பேரி முதலிய கனிகள்மேல் அடங்கா ஆசை கொண்டு, பிறர் தோட்டங்களிற் புகுந்து திருடியதுண்டெனத் தாமே பிற்காலத்து எழுதிவைத்தார். பல்கலைக்கழகம் புகாராயினும், தாமே கற்றுப் பேரறிஞரானார்.

1641-இல் நெசவாளர் மிக்க கிடர்மின்ஸ்டர் நகரிற் போதகப் பணி ஏற்றார். உள்நாட்டுப் போர் மூளவே, பாராளுமன்றப் படையிற் குருவாக உழைத்தார். 1647-இல் கொடுநோய் வாய்ப்பட்டுச் சாவை எதிர்நோக்கிக் கிடந்தபோது, மோட்ச இன்பத்தைச் சிந்தித்து எழுதத் தொடங்கிய நூலே 1650-இல் வெளிவந்த 'பரிசுத்தவான்களின் நித்திய இளைப்பாறுதல்' என்பது. இன்பம் நாடுதல் நெஞ்சத்தின் இயல்பு. அதனை வெறுமையாக்கல் இயலாது. நாடோறும் தியானத்தால் மேலான இன்பத்தைச் சுவைக்கப் பழக்கினால், கீழான இன்பங்கள் தத்தம் இடத்தில் அடங்கும் என்பதே அந்நூலின் உட்கிடை என்று கொள்கின்றோம்.

நோய் நீங்கிய பின்னர்க் கிடர்மின்ஸ்டருக்கு மீண்டு, வாரத்தில் இரண்டு நாள் குடும்பம் குடும்பமாக மக்களுக்குப் போதித்தார். கூட்டம் பெருகியமையால் ஆலயத்தில் ஐந்து மேன்மாடங்கள் கட்ட நேர்ந்தது. 1660-இல் ஹெரிபோர்டு அத்தியட்சர் பதவி வலிய வந்தும் மறுத்தார். 1662-இல் வழிபாட்டு ஒருமைச் சட்டத்துக்கு இணங்காது திருச்சபைப் பணியையும் இழந்தார்.

நிற்க. போதகர் மணமின்றி வாழ்தல் நலமென எண்ணியிருந்த அவர், அவ்வாண்டே மார்கரெட் சார்ல்டன் என்னும் நங்கையை மணந்தார். மனைவியின் செல்வத்தைத் தாம் அடைதலாகாது, ஊழியத்துக்குரிய நேரத்தை அவர் கேட்டலாகாது என்பன அம்மணத்தின் உடன்படிக்கைகள். காதலை அவர் துறந்திலர். அதற்கு உரிய இடம் வகுத்தார். 1669-இல் பாக்ஸ்டர் சிறைப்பட்டபோது மார்கரெட் மகிழ்வுடன் உடன் சென்று தங்கினார். 1681-இல் அவர் இறந்தபோது, ஆற்றொணாத் துயருடன் அவர்தம் வரலாற்றைப் பாக்ஸ்டரே எழுதினார். இறைவனை முதலாக நேசித்தவர் மனைவியைக் குறைவாக நேசித்திலர் என்பதற்கு அந்நூலே சான்று.

1685-இல், முதுமையிலும் நோயிலும் தளர்ந்திருந்த அவரை நீதிபதி ஜெப்ரீஸ் இகழ்ந்துரைத்துத் தண்டித்தார். ஏறக்குறைய பதினெட்டுத் திங்கள் சிறையிலிருந்து விடுபட்ட பாக்ஸ்டர், 1691-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார்.

தேர்வு, உத்தியோகம், புகழ் என ஆசைகள் பல நம் நெஞ்சிலும் உள. அவற்றுள் எதனை ஒழிப்பது என்று வினவுமுன், எதனை முதலில் வைப்பது என்று வினவுதல் நமக்குக் கடனாம்.